இரவல் திதி

நடேசனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு அவனைக் கண்டால் ஆகாது. ஹானோவரில் ஒரே வீட்டின் மாடியில் அடுத்தடுத்த அறைகளில் ஏழு வருஷம் இருந்தோம். ஒரே அடுப்பில் ரசம் வைத்தோம். அவனுக்கு ஜுரம் வந்தால் நான்தான் கஞ்சி காய்ச்சினேன். இருந்தும் ஆகாது. ஏன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பொறாமை, வேறென்ன.

பொறாமைப்படாமல் மனுஷன் என்ன செய்வதாம்? அறுபத்தாறாம் வருஷம் ஒரே மாதத்தில் வந்து இறங்கி, ஒரே பேராசிரியரிடம் ரசாயன ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். நான் கும்பகோணம், அவன் நாகப்பட்டினம். மூன்றே மாதத்தில் அவன் ஜெர்மன் பொரிந்து தள்ளினான். நான் ரொட்டிக் கடையில் விரலை நீட்டிக்கொண்டு நின்றேன். என் குடுவை வெடிக்கிற அன்றைக்கு அவனுடையதில் அழகாகப் படிகம் இறங்கியிருக்கும். பேராசிரியர் அவனை ‘ஹெர் நடேசன்’ என்பார். என்னை, சுவாமிநாதன் என்ற முழுப் பெயரைச் சொல்ல முடியாமல், ‘சுவாமி’ என்பார், ஏதோ மடத்து ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. வீட்டுக்காரி லூடர்ஸ் அம்மாள் ஞாயிற்றுக்கிழமை கேக் வெட்டினால் பழம் நிறைய இருக்கிற துண்டு அவன் தட்டில்தான் விழும். நான் உற்றுப் பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டான் என்றால் யார் நம்புவார்கள்? அவன் வாயால் சொல்லிக் கேட்டபோது நானே நம்பவில்லை.

எழுபதாம் வருஷம் ஆகஸ்ட் மாதத் தொடக்கம். வாசல் மேசையில் இரண்டு நீல நிற விமானக் கடிதங்கள் கிடந்தன, அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என்னுடையது எங்கள் அம்மா வருஷா வருஷம் ஆடியில் எழுதுவது. பசு கன்று போட்டது, மாமாவுக்கு மூட்டு வலி என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் அதே மூன்று வரி: “அப்பா திதி ஆவணி தேய்பிறை துவாதசி. இந்த வருஷம் இங்கிலீஷ் தேதி ஆகஸ்ட் இருபத்தெட்டு. மறந்துடாதே.” அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஜெர்மனிக்கு வந்த நாலு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடத் திவசம் செய்ததில்லை. ஊரிலிருந்து புறப்படும்போது அம்மா ஒரு துணிப்பையில் கறுப்பு எள்ளைப் போட்டு, வாயைத் தைத்து, பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள். அந்தத் தையலைக்கூட நான் பிரிக்கவில்லை. கடிதத்தை வழக்கம்போல வாய்விட்டுப் படித்து இழுப்பறையில் போட்டேன். முந்தின வருஷங்களின் கடிதங்களும் அங்கேதான் கிடந்தன.

நடேசன் தன் கடிதத்தைப் படியில் நின்றபடியே படித்தான். அன்றைக்குச் சமையல் அவன் முறை. சாம்பாரில் உப்பே இல்லை. என்னய்யா இது, வாயில வைக்க முடியலையே என்று நான் கத்தினேன். அவன் கடிதத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

அவன் மலாயாவில் பிறந்தவன் என்பது எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் அப்பா உமாபதி பிள்ளை, கெடா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிறவர். நாற்பத்து மூன்றில் ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தான். மூன்று மாத வேலை என்று சொல்லித் தோட்டத்து ஜனங்களை லாரியில் ஏற்றினான். கூடவே கிராணியையும் ஏற்றினான். நடேசனுக்கு அப்போது ஏழு வயது. போன ஜனத்தில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதில் ஒருத்தன், கிராணி ஐயா காலராவில் கிடந்ததைப் பார்த்தேன், மறுநாள் ஆள் இல்லை என்றான். இன்னொருத்தன், சண்டை முடிந்த பிறகு பாங்காக்கில் துணிக்கடை வாசலில் அவரைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்தான். நடேசனின் அம்மா இரண்டாவது ஆளின் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு குழந்தைகளோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறி வந்தாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி, ஆள் மட்டும் இல்லை. கல்யாண வீட்டில் அவளை ஆரத்தி எடுக்கக் கூப்பிடுவதா, ஓரமாக உட்கார வைப்பதா என்று யாருக்கும் தெரியாது. இருபத்தேழு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

கடிதத்தில் இப்படி எழுதியிருந்தாள்: “நெஞ்சு பலவீனமா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் போனா வாசல்ல சண்டை வரக்கூடாது. என்னைப் பூவோட அனுப்பறதா, பூ இல்லாம அனுப்பறதான்னு பொம்பளைங்க கேட்டா உன் தங்கச்சி என்ன சொல்லுவா? நீ பிள்ளை. ஒரு முடிவு பண்ணி எழுது.”

“என்ன எழுதப் போறே?” என்று கேட்டேன்.

“செத்துட்டாருன்னு எழுதினா என் கையால தாலியை அறுத்த மாதிரி. உசிரோட இருக்காருன்னு எழுதினா, எங்கயோ காட்டுல கிடக்கற மனுஷனுக்கு இந்த ஜென்மத்துல ஒரு வாய் தண்ணி கிடையாது. நீயே சொல்லு, எதை எழுத?”

உப்பை எடுத்துச் சாம்பாரில் போட்டுக் கலக்கினேன்.

அடுத்த வாரம் லூடர்ஸ் அம்மாள், ஹைடே பூத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள் என்றாள். ஹைடே என்பது ஹானோவருக்கு வடக்கே இருக்கிற பெரிய புதர்க்காடு. ஆகஸ்ட் கடைசியில் தரையெல்லாம் ஊதாப் பூவாக இருக்கும். தேன் வாங்கி வரச் சொல்லி ஒரு காலி ஜாடியும் கொடுத்தாள். நடேசன் மெதுவாக, “பெல்சனுக்கும் அப்படியே போய் வரலாமா?” என்று கேட்டான். அம்மாள் முகம் சுருங்கிவிட்டது. “பூ பார்க்கப் போங்கள். அங்கே எதற்கு? அங்கே பார்க்க ஒன்றுமில்லை” என்று சொல்லி அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். அடுப்பு ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

பெர்கன்-பெல்சன் ஹிட்லர் காலத்து முகாம். யூதர்களும் மற்றவர்களுமாக ஐம்பதாயிரம் பேருக்கு மேல் பசியிலும் ஜுரத்திலும் செத்த இடம். இவனுக்கு அங்கே என்ன வேலை என்று எனக்கும் தோன்றியது. ஆனால் தனியாகப் போய்வந்து, பேராசிரியரிடம் அதைப் பற்றி நாலு வார்த்தை பேசி நல்ல பெயர் வாங்கிவிடுவானே! அதனால் நானும் கிளம்பினேன். என் புத்தி அவ்வளவுதான்.

செல்லே வரைக்கும் ரயில், அப்புறம் பஸ், அப்புறம் நடை. வழியெல்லாம் உருளைக்கிழங்கு வயல், மாடு, செங்கல் வீடு, ஜன்னலில் சிவப்புப் பூந்தொட்டி. எங்கேயோ பட்டாளத்துக்காரர்கள் சுட்டுப் பழகுகிற சத்தம் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் வீட்டு வாசலில் தேன் ஜாடிகளை அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். முகாமுக்கு எப்படிப் போகவேண்டும் என்று கேட்டோம். கையை மட்டும் காட்டினார்.

உள்ளே போனால் லூடர்ஸ் அம்மாள் சொன்னது நிஜம்தான். பார்க்க ஒன்றுமில்லை. கொட்டகைகளையெல்லாம் அப்போதே எரித்துவிட்டார்களாம். பிர்ச் மரம், பைன் மரம், ஊதாப் பூ, தேனீ. நடுநடுவே நீளமாக மேடுகள், ஒவ்வொன்றும் ஒரு வீட்டு நீளம். அவற்றின் மேலும் அதே பூ. மேட்டின் முகப்பில் கல்லில் எழுதியிருந்தது: இங்கே ஆயிரம் பேர் உறங்குகிறார்கள். ஏப்ரல் 1945. அடுத்ததில் எண்ணூறு. அதற்கடுத்ததில் இரண்டாயிரத்து ஐந்நூறு. ஷூவைக் கழற்றிவிட்டு நிற்கலாமா என்று யோசித்தேன். கயிற்றில் பாழாய்ப்போன முடிச்சு விழுந்திருந்தது, விட்டுவிட்டேன்.

நடேசன் ஒரு மேட்டையும் விடாமல் படித்துக்கொண்டே போனான். கடைசியில் ஒன்றின் முன்னால் நின்று, ரொம்பச் சாதாரணமாக, “பொறாமையா இருக்குய்யா” என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பைத்தியமா உனக்கு? யாரைப் பாத்து என்ன சொல்றே? பட்டினி போட்டுக் கொன்னிருக்கான்யா!”

“தெரியும். சொல்லவே கூசுது. ஆனா பாரு, கல்லு வெச்சிருக்கான். இத்தனை பேருன்னு போட்டிருக்கான். மாசம் போட்டிருக்கான். பிள்ளை வந்தா நிக்கறதுக்கு ஒரு இடம் இருக்கு. சயாம்ல எங்க ஜனம் எத்தனை ஆயிரம் பேர் போனாங்க, அதுல எங்கப்பா எந்த மைல்ல விழுந்தாருன்னு யாராவது சொல்லுவாங்களா? ரயில் போட்டதுக்கு மைல்கல் இருக்கும். இவங்களுக்கு இல்லை.”

நான் அந்த மேட்டின் கல்லை இன்னொரு தரம் படித்தேன்.

மேடுகளுக்கு அப்பால் தனித்தனியாகச் சில கற்கள் நின்றன, சொந்தக்காரர்கள் வைத்தவை. பெயர் இருந்தது. ஒன்றின் தலையில் ஏழெட்டுக் கூழாங்கல் கிடந்தது. யாரோ குழந்தைகள் விளையாடிவிட்டுப் போட்ட குப்பை என்று நடேசன் நினைத்துவிட்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன். சமாதியை அப்படியா விடுவது? கூழாங்கற்களைத் தள்ளிவிட்டு, கைக்குட்டையால் கல்லைத் துடைத்து, சருகை வாரி, ஒரு பிடி ஊதாப் பூவைப் பறித்து மேலே வைத்தான். கையைக் கூப்பிக்கொண்டு நின்றான்.

பின்னால் யாரோ இருமினார்கள். தொப்பி போட்ட பெரியவர், எழுபது வயது இருக்கும். கையில் இன்னொரு கூழாங்கல்.

“அந்தக் கற்கள் நான் வைத்தவை” என்றார். ஹாலந்து நாட்டு யூதர், ஜெர்மன் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. “வரும்போதெல்லாம் ஒன்று வைப்போம். அதுதான் எங்கள் வழக்கம்.”

நடேசன் அப்படியே மண்டியிட்டு, புல்லில் கையை விட்டுத் துழாவி, ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கினான். நானும் குனிந்து தேடினேன். எங்கள் ஊரில் சமாதிக்குப் பூதான் வைப்போம் ஐயா, தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பூவை எடுக்கப் போனான்.

“இருக்கட்டும்” என்று பெரியவர் தடுத்தார். “நாங்கள் பூ வைப்பதில்லை. ஆனால் என் மனைவிக்குப் பூ பிடிக்கும்.”

நடேசனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “இங்கேதான் இருக்கிறார்களா?”

பெரியவர் கையை நீட்டிக் காட்டைச் சுற்றிக் காட்டினார். எந்த மேட்டில் என்று தெரியாதாம். இந்தக் கல்லுக்கு அடியில் ஒன்றுமே இல்லையாம். அவரே நட்டதாம்.

“தேதி போட்டிருக்கிறதே? மார்ச் பன்னிரண்டு என்று?”

“அன்றைக்கு ஒரு பெண் அவளைக் கடைசியாகப் பார்த்திருக்கிறாள். மறுநாள் பார்க்கவில்லை. அதனால் நான் அந்தத் தேதியை எடுத்துக்கொண்டேன்.”

“நீங்களாகவா?”

“ஒரு நாள் வேண்டுமே, தம்பி” என்று சொல்லிவிட்டுக் கையில் இருந்த கல்லைப் பூவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

திரும்பி வரும்போது தேன் வாங்கவும் மறந்துவிட்டோம். வீட்டு வாசலுக்கு வந்ததும் எனக்குக் கால் உள்ளே போகமாட்டேன் என்றது. மயானத்துக்குப் போய்விட்டுக் குளிக்காமல் எப்படி நுழைவது? லூடர்ஸ் அம்மாளிடம் குளியலறைச் சாவி கேட்டேன். குளியல் சனிக்கிழமைதான், இன்றைக்கு ஞாயிறு, அது சரி, தேன் எங்கே என்றாள். சரிதான் போ என்று கொல்லைக் குழாயில் வாளியைப் பிடித்துச் சட்டையோடு தலையில் கவிழ்த்துக்கொண்டேன். தண்ணீரா அது! பல் கிட்டிப்போனது. அம்மாள் ஜன்னலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நடேசன் அன்றைக்கு அப்போதுதான் சிரித்தான். துண்டை என் தலையில் போட்டபடியே சொன்னான்: “உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. உன்னைப் பாத்தாதான்யா எனக்கு நாலு வருஷமா வயிறெரியுது.”

“என்னைப் பாத்தா?”

“வருஷா வருஷம் உனக்கு லெட்டர் வருது. மாசம், பட்சம், திதி, இங்கிலீஷ் டேட்கூடப் போட்டு வருது. அதை நீ தூக்கி டிராயர்ல போடறே. எனக்கு ஒரு நாள் வேணும். உன்கிட்ட ஒண்ணு சும்மா கிடக்கு. அதைக் குடேன். அந்த நாள்ல எங்கப்பாவுக்கு நான் தண்ணி விட்டுக்கறேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அவங்களுக்குப் பூவோட போங்கன்னு எழுதிடறேன்.”

எனக்குத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, உள்ளே தீப்பிடித்தது. நாலு வருஷம் அந்தத் திதியை நான் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அவன் கேட்டதும் என் சொத்தை எழுதிக் கொடு என்று கேட்ட மாதிரி இருந்தது. பேராசிரியரை எடுத்துக்கொண்டான், கேக் துண்டை எடுத்துக்கொண்டான், இப்போது இதுவுமா?

“திதி என்ன ஹாஸ்டல் கட்டிலா, நான் ஊருக்குப் போயிருக்கறப்ப நீ படுத்துக்கறதுக்கு? எங்கப்பா நாள் எங்கப்பாவுக்கு! வேற இடம் பாரு” என்று கத்திவிட்டு மாடி ஏறிக் கதவைச் சாத்தினேன். அவன் பின்னாலேயே வந்து ஏதாவது சொல்லுவான் என்று பார்த்தேன். வரவில்லை.

அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. தனித்தனியாகச் சமைத்தோம். இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை. காலையில் ஏழு மணி இருக்கும், பக்கத்து அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். நடேசன் வேஷ்டி கட்டி, மேலே கோட்டு போட்டுக்கொண்டு, கையில் ஒரு செம்பும் காகிதப் பொட்டலமுமாக லைனே ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். திருட்டுப் பயல்! நான் கொடுக்கமாட்டேன் என்று சொன்ன நாளையே எடுத்துக்கொண்டு போகிறான்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவன் அங்கே நின்று தண்ணீர் விடுவான், அந்த நாளில் எங்கள் அப்பா வருவார், வந்து பார்த்தால் கரையில் பிள்ளை இல்லை, பக்கத்து அறைக்காரன் நிற்கிறான். அதை நினைத்தபோது என்னால் தாங்க முடியவில்லை. பெட்டியை இழுத்துப் போட்டு, அடியில் கிடந்த துணிப்பையை எடுத்து, தையலைப் பல்லால் பிய்த்துக்கொண்டே படியிறங்கி ஓடினேன்.

ஆற்றங்கரையில் இறங்குகிற கற்படியில் அவன் நின்றுகொண்டிருந்தான். பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டியிருந்தான். கிட்டே போய்ப் பார்த்தேன்.

“என்னய்யா இது?”

“எள்ளு. ரொட்டிக்காரன் தெருவுல வாங்கினேன்.”

“எள்ளா? மூஞ்சி! இது கசகசாய்யா! இந்த ஊர்ல கசகசா கறுப்பு. உங்கப்பாவுக்குப் பாயசமா வைக்கப் போறே?”

அவன் உள்ளங்கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மூன்று மாதத்தில் ஜெர்மன் கற்றவன், எல்லாம் தெரிந்தவன், கண்ணில் நீர் முட்டிக்கொண்டு குழந்தை மாதிரி நின்றான். எங்கள் அம்மா தைத்துக் கொடுத்த பையிலிருந்து ஒரு பிடி எள்ளை அள்ளி அவன் கையில் போட்டேன். எனக்கும் எடுத்துக்கொண்டேன். எனக்கு மந்திரம் பாதி மறந்துபோயிருந்தது. நினைவிருந்த வரையில் சொன்னேன். பஞ்சாபகேசன் என்று அப்பா பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டேன். பக்கத்தில் அவன், ‘கெடா தோட்டத்துக் கிராணி உமாபதி பிள்ளை’ என்று மூன்று தடவை சத்தமாகச் சொன்னான். கெடா என்று எதற்குச் சொன்னாய் என்று அப்புறம் கேட்டேன். உங்கப்பா தண்ணியோட கலந்துடக் கூடாது பாரு, அட்ரஸ் சரியா இருக்கணும் என்றான். ஒரு ஜெர்மன் கிழவி நாய்க்குட்டியோடு நின்று கடைசி வரைக்கும் எங்களைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானமே அவன் ஊருக்கு எழுதிப் போட்டான். பூவோட போங்கம்மா என்ற ஒரே வரி. எழுபத்திரண்டில் தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தலை நிறைய மல்லிகையோடு அம்மா போய்விட்டாள். வாசலில் ஒரு சண்டையும் இல்லை. அதைப் படித்துவிட்டு நடேசன் என் அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதான். ஆற்றங்கரை சமாசாரத்தை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எழுபத்து மூன்றில் அவனுக்குத் தெற்கே கார்ஹிங் என்ற ஊரில் ஆராய்ச்சி வேலை கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை, நான் இங்கே சாயக் கம்பெனியில் சேர்ந்தேன். வருஷா வருஷம் எங்கள் அம்மா கடிதம் வந்ததும் தேதியை ஒரு கார்டில் எழுதி அவனுக்குப் போடுவேன். அவன் அங்கே ஈசார் ஆற்றில் நிற்பான், நான் இங்கே லைனேயில் நிற்பேன். என்னை முந்திக்கொண்டு அவன் விட்டுவிடக்கூடாதே என்று விடிந்ததும் போய்விடுவேன்.

போன வருஷம், எழுபத்தாறு மார்கழியில் எங்கள் அம்மா போய்விட்டாள். நான் ஊருக்குப் போய்க் காரியம் செய்துவிட்டு வந்தேன். இந்த ஆடி மாதம் வாசல் பெட்டியில் நீலக் கடிதம் இல்லை. எனக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாது. அம்மா இல்லாமல் ஆவணித் துவாதசி என்றைக்கு வருகிறது என்று எனக்கு யார் சொல்லப் போகிறார்கள் என்று பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

நாலு நாள் கழித்துக் கார்ஹிங்கிலிருந்து ஒரு கார்டு வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பஞ்சாங்கம் வரவழைத்திருக்கிறான். “அப்பா திதி ஆவணி தேய்பிறை துவாதசி” என்று எழுதி, இங்கிலீஷ் தேதியும் போட்டு, “மறந்துடாதே” என்று முடித்திருந்தான்.

பாருங்கள் அவன் திமிரை. எங்கள் அப்பா நாளை எனக்கே சொல்கிறான். வயிறு பற்றி எரிந்தது. கார்டை அம்மாவின் கடிதங்களோடு சேர்த்து வைத்துவிட்டு, எள் மிச்சம் இருக்கிறதா என்று பையைத் தேடப் போனேன்.